சும்மா இருப்பதற்கு எட்டு வார்த்தைகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். பயம்தான் காரணம். இதில் வருகிறவர்கள் எல்லோரும் ஆண்டவர் கிருபையால் நல்ல சுகத்தோடு இருக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிறார்கள். அதில் ஒருவர் எனக்கு நேர் பின்பெஞ்சு. ஜெபத்தில் நான் கண்ணை மூடினால் அவர் மூச்சு என் பிடரியில் படும்.

என் மகள் கிரேஸ்தான் தைரியம் சொன்னாள். "எழுது நைனா. பேப்பர்ல வந்துச்சின்னா அவங்களுக்கும் சந்தோஷந்தான்" என்றாள். பெயர்களை மாற்றிவிட்டேன். சந்தோஷத்துக்கு நான் பொறுப்பில்லை.

போன வாரம் சித்தூர் மாங்காய் மண்டியில் எடைபோட்டுப் பிழைத்ததைச் சொன்னேன். இந்த வாரம் மண்டியை விட்டு ஆலயத்துக்கு வாருங்கள்.

வசனம் ஒப்பித்த ஞாயிறு

மாங்காய் சீசன் முடிந்த சமயம். ஆராதனையில் காணிக்கை எடுத்து முடிந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள். எல்லாத் தலையிலும் தேங்காய் எண்ணெய், எல்லாக் கழுத்திலும் பவுடர். மேலே ஓட்டுக்கு அடியில் புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனைக்கு முன்பு பக்கத்து ஹாலில் கரும்பலகையில் எழுதியிருக்கும் வசனத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். பிறகு சபைக்கு முன்னால் வந்து ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். முதலில் எந்தப் புத்தகம், எந்த அதிகாரம், எத்தனையாவது வசனம் என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் சபையார் "ஆமென்" என்போம்.

அந்த வருஷத்திலிருந்து வசனம் ஆங்கிலத்தில்தான் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. பிள்ளைகள் எல்லாம் கான்வென்ட். பெற்றவர்கள் போனைத் தூக்கி வீடியோ எடுப்பார்கள். வீடியோவில் தமிழ் கேட்டால் அழகாக இருக்காதாம்.

போதகரின் மனைவிதான் சனிக்கிழமை சாயங்காலம் வசனத்தைப் பலகையில் எழுதிவைப்பார். அந்தச் சனிக்கிழமை சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஞாயிறு பள்ளி நடத்துகிற எஸ்தரம்மாளுக்கு இது தெரியாது. அவர் ஹாலைத் திறந்தார். பலகையில் கலர் சாக்பீஸில் அழகான கையெழுத்து. மேலே ஒரு தலைப்பு, நம்பர், கீழே வரி வரியாக ஆங்கிலம். எஸ்தரம்மாளுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். பொருள் பார்க்கிற வேலையை அவர் எப்போதுமே ஆண்டவரிடம் விட்டுவிடுவார்.

பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினார்கள்.

"லெசன் நைன், ஒன் டு எய்ட். ஹேங் அரவுண்ட். சிட் அரவுண்ட். லேஸ் அபௌட். மெஸ் அபௌட். ஃபூல் அரவுண்ட். கூஃப் ஆஃப். சில் அவுட். வைல் அவே."

சங்கீதம் படிப்பதுபோல அவ்வளவு ஒழுங்காக இருந்தது. சபை முழுவதும் "ஆமென்" என்றோம். நானும் மனதாரச் சொன்னேன். பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மா வேதாகமத்தைப் புரட்டிப் புரட்டித் தேடிவிட்டு, என் வீட்டுக்காரியிடம் குனிந்து, "இது பழைய ஏற்பாடா, புதிய ஏற்பாடா?" என்று கேட்டாராம். இவள் யோசித்துவிட்டு, "பழசாத்தான் இருக்கும்" என்றாளாம்.

போதகர் பெங்களூரில் படித்தவர். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். வழக்கமாக, "இந்தப் பிள்ளைகள் கற்றதை வாழ்க்கையில் கைக்கொள்ள உதவி செய்யும்" என்று ஜெபிப்பார். அன்றைக்கு "கற்றதை" வரைக்கும் வந்தார். பிறகு நேராக மழைக்கு ஜெபிக்கப் போய்விட்டார்.

நான் கிரேஸைப் பார்த்தேன். துப்பட்டாவால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டும் என்ன

கிரேஸ் திருப்பதியில் ஒரு கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்தாள். அமெரிக்காக்காரர்களோடு போனில் பேசுகிற வேலை. கல்யாணமாகி சித்தூருக்கே வந்த பிறகு, அதே கம்பெனிக்குப் போக நினைக்கிற பெண்களுக்கு எங்கள் ஆலய ஹாலில் சாயங்கால வகுப்பு நடத்தினாள். ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். சபைப் பெண்களும் உண்டு, வெளிப் பெண்களும் உண்டு. இன்டர்வியூவுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம்தான் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவர்களுக்காகப் பலகையில் எழுதிய பாடத்தை அழிக்காமல் வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அந்தப் பசங்க சொன்னது இன்னாம்மா?"

"சும்மா இருக்கறதுக்கு இங்கிலீஷ்ல சொல்ற வார்த்தைங்க நைனா."

"சும்மா இருக்கறதுக்கு எட்டு வார்த்தையா?"

"இன்னும் கீது. போர்டுல எடம் இல்ல."

கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிற நேரத்தில் அமெரிக்காக்காரன் சும்மா இருக்க மாட்டானாம். சனி ஞாயிறு என்ன செய்தாய் என்று ஊர்க்கதை கேட்பானாம். அதற்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்கிறாளா என்று இன்டர்வியூவிலேயே பார்ப்பார்களாம். கட்டாயம் கேட்கிற கேள்வி அது ஒன்றுதானாம்.

நான் எட்டுக்கும் பொருள் கேட்டேன். வேலை இல்லாமல் ஓரிடத்தில் நிற்பது ஒன்று. அதே வேலையை உட்கார்ந்து செய்தால் வேறொன்று. படுக்கவும் இல்லாமல் உட்காரவும் இல்லாமல் சாய்ந்து கிடப்பதற்கு ஒன்று. கை வைத்த காரியத்தைக் கெடுத்துக்கொண்டே பொழுது போக்குவதற்கு ஒன்று. கோமாளித்தனம் செய்வதற்கு ஒன்று. வேலை நேரத்தில் நழுவுவதற்கு ஒன்று. கவலையை இறக்கிவைத்து ஆறுவதற்கு ஒன்று. பொழுதை இதமாகக் கழிப்பதற்கு ஒன்று.

எனக்கு ஆச்சரியம். எங்கள் மண்டியில் சீசன் மூன்று மாதம். மற்ற மாதங்களில் வியாபாரி, கூலி, எடைக்காரன் எல்லோரும் தராசுப் பக்கத்தில் குந்திக்கொண்டு இருப்போம். "இன்னா பண்ற?" என்றால் "சும்மா குந்திகினு கீறேன்" என்போம். இத்தனை வருஷம் இந்த எட்டையும் செய்துவிட்டு ஒரே பெயரில் கணக்கு வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரன் சோம்பலைக்கூட தரம் பிரித்துக் கூடை கட்டிவிட்டான்.

பூட்டு

விஷயம் அன்று மதியமே வெளியே வந்துவிட்டது. சபைச் செயலாளர் ஆரோன்ராஜின் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ஆலய வாசலில் அவன் சிரித்த சிரிப்பில் நாலு பேருக்குப் பொருள் தெரிந்தது. நாலு பேருக்குத் தெரிந்தது நாற்பது பேருக்குத் தெரிய எங்கள் சபையில் அதிக நேரம் ஆகாது.

ஆரோன்ராஜ்தான் என் பின்பெஞ்சுக்காரர். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திங்கள்கிழமை ஹாலில் புதுப் பூட்டு தொங்கியது.

"பரிசுத்த ஸ்தலத்துல சோம்பேறித்தனம் சொல்லிக் குடுக்கறாங்க பிரதர். கமிட்டி முடிவு பண்ற வரைக்கும் ஹால் கிடையாது" என்றார்.

"சோம்பேறித்தனம் சொல்லித் தரல, அதோட பேரச் சொல்லித் தருது" என்றேன்.

"பேரு தெரிஞ்சா செய்யத் தோணும்."

ஓய்வு பெற்ற பிறகு அவர் பகல் முழுக்க என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும். பெயர் தெரியாமலேதான் செய்கிறார். அதைச் சொல்லவில்லை. பின்பெஞ்சுக்காரர்.

கமிட்டியில் நானும் ஒரு அங்கத்தினன். புதன்கிழமை கூடினோம். ஆரம்ப ஜெபம். பாட்டு. போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்தார்கள். அதில் மின்விசிறி விவகாரம் வந்தது. மின்விசிறி எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் அபிப்பிராய பேதம். பிறகு டீயும் மிக்சரும். பிறகு அந்தக் கரும்பலகை ஞாயிறு பள்ளிக்குச் சொந்தமா, சபைக்குச் சொந்தமா என்று ஒரு கேள்வி. அதை விசாரிக்க ஒரு துணைக் கமிட்டி.

நான் எழுந்து, "பொண்ணுங்களுக்கு இன்டர்வியூ கிட்ட வந்துச்சி. பூட்டத் தொறந்து வுட்டுட்டு அப்பால பேசலாமே" என்றேன்.

"அவசரப்பட்டு ஒரு முடிவு எடுக்கக் கூடாது பிரதர்" என்றார் ஆரோன்ராஜ். முடிவு ஜெபத்துக்கு எழுந்துவிட்டார்கள்.

அன்று மாலை நான் எட்டு வார்த்தைக்கும் உயிருள்ள விளக்கம் பார்த்தேன். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று போன பொருளாளர் கூட்டம் கலைந்த பிறகுதான் வந்தார். அது கூஃப் ஆஃப். ஜன்னல் ஓரத்துப் பெரியவர் நிகழ்ச்சிநிரலை நெஞ்சில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். அது லேஸ் அபௌட். துணைக் கமிட்டி என்பது மெஸ் அபௌட். மிக்சர் நன்றாக இருந்தது. அது மட்டும் சில் அவுட்.

அடுத்த வாரமும் கூடினோம். மின்விசிறிதான் பேசினோம்.

பஸ் ஸ்டாண்டுப் பள்ளிக்கூடம்

கிரேஸ் விடவில்லை. ஹால் வாசற்படியில் பெண்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். இரண்டே நாளில், "சர்ச் வாசல்ல பொண்ணுங்க வேல வெட்டி இல்லாம குந்திகினு கீதுங்க" என்று கமிட்டிக்குப் புகார் போனது. வெளிக் கேட்டுக்கும் பூட்டு வந்தது.

கடைசியில் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தார்கள். திருப்பதி பஸ் நிற்கிற பக்கம், சிமெண்ட் பெஞ்சு. நம் ஊரில் ஒரு பெண் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஏன் என்று யாரும் கேட்காத இடம் அது ஒன்றுதான். சாயங்காலம் மண்டி முடிந்ததும் நானும் துணைக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். டீசல் நாற்றம், சுண்டல் வாசனை, "திருப்பதி, திருப்பதி, ரண்டி, ரண்டி" என்று கண்டக்டர் தெலுங்கில் கூப்பிடுகிற சத்தம். நடுவில் இவர்களுடைய ஆங்கிலம்.

அங்கேதான் பார்வதியை நன்றாகப் பார்த்தேன்.

பார்வதி வெளிப் பெண். அப்பா முனுசாமி, ராமகுப்பம் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து சித்தூருக்கு வெளியே குடியிருக்கிறவர். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறாள். விடியுமுன் தண்ணீர், சமையல், அம்மாவைத் துடைத்து உட்காரவைப்பது, பிறகு நாள் முழுக்கத் தையல் கம்பெனி, அங்கிருந்து ஓட்டமாக வகுப்பு. பெஞ்சில் உட்கார்ந்தாலும் முழுதாக உட்கார மாட்டாள். நுனியில்தான். பஸ்ஸுக்குக் கிளம்புகிறவள் மாதிரி.

மற்ற பாடத்தில் எல்லாம் அவள்தான் முதல். இந்த ஒன்பதாம் பாடத்தில் மட்டும் வாய் அடைத்துப் போனாள்.

கிரேஸ் ஒவ்வொருத்தியாக ஆங்கிலத்தில் கேட்டாள், போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று. ஒருத்தி சிநேகிதிகளோடு ஹேங் அரவுண்ட் என்றாள். ஒருத்தி வீட்டில் லேஸ் அபௌட் என்றாள். பார்வதி, துணி துவைத்தேன், ரேஷனுக்குப் போனேன், அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றினேன் என்றாள்.

"பாடத்துல கீற வார்த்தைய வெச்சி சொல்லு."

"நான் அப்டி எதுவும் செய்யலியேக்கா. பொய் சொல்லட்டுமா?"

கிரேஸ் திகைத்துவிட்டாள். வீட்டுக்கு வரும்போது என்னிடம், "சும்மா ஒரு பொய்ய சொல்லுடின்னு சொல்ல எனக்கு வாய் வரல நைனா. இன்டர்வியூல அதையே கேட்டு, இது முழிச்சிகினு நின்னா, வேல போயிடும். பார்வதிக்குத்தான் அந்த வேல ரொம்ப வேணும்" என்றாள்.

மறுநாள் பார்வதி என்னிடமே வந்தாள்.

"அங்கிள், உங்க சாமி ஏழாம் நாளு வேல செய்யலியாமே. அக்கா சொல்லிச்சி."

"ஆமாம்மா. ஓய்ந்திருந்தார்."

"அன்னிக்கி இன்னா பண்ணிச்சி? சிட் அரவுண்டா, சில் அவுட்டா?"

சிறு வயதிலிருந்து ஞாயிறு பள்ளி படித்தவன் நான். யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. கேலியாகவும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "தெரியலம்மா" என்றேன். அன்றைய ஜெபத்தில் அதையே ஆண்டவரிடம் கேட்டேன். அவரும் பதில் சொல்லவில்லை. ஆனால் கோபப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

திருப்பதியில் ஒரு பகல்

இன்டர்வியூ நாளில் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். கிரேஸும் பெண்களும் முன்னால், நானும் முனுசாமியும் பின்னால். காணிப்பாக்கம் ரோட்டைத் தாண்டும்போது அவர் பிள்ளையாரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கம்பெனி ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. பெண்கள் மேலே போனார்கள். நாங்கள் கீழே எதிர்க்கடை நிழலில் நின்றோம்.

திருப்பதியில் காத்திருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஊரே காத்திருக்கிறது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். மலையில் தரிசனத்துக்கு அடைத்துவைக்கிற கூடத்தில் ராத்திரி முழுக்க இருந்துவிட்டு வந்தவர்களாக இருக்கும். அவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை.

"பார்வதி தூங்கி நான் பாத்ததே இல்லண்ணா" என்றார் முனுசாமி திடீரென்று. "நான் எழுந்திருக்கறப்பவே அது எழுந்து கீது. நான் படுக்கறப்பவும் அது வேல செஞ்சிகினு கீது. வேல கெடச்சிதுன்னா மொட்ட போடறேன்னு வேண்டிகினு கீறேன்."

அவர் தலையில் நேர்ந்துகொள்ள அதிகம் இல்லை. ஆனால் முழு மனதோடு சொன்னார். அவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். நான் அந்தக் கடைச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி ஜெபித்தேன். ஒரே வேண்டுதல், இரண்டு வழியாகப் போயிற்று.

வெயில் சாயும்போது பார்வதி இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கிரேஸ்தான் கேட்டாள்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்கக்கா. ஞாயித்துக்கிழம இன்னா பண்ணுவன்னு."

"இன்னா சொன்ன?"

"பொய் வரலக்கா. எனக்கு எட்டு வார்த்த தெரியும் சார், ஒண்ணுகூட செஞ்சது இல்லன்னு இங்கிலீஷ்லயே சொன்னேன். இந்த வேலைல வாரத்துல ஒரு நாளு லீவுன்னு சொன்னாங்க, குடுத்தீங்கன்னா எட்டையும் செஞ்சி பாக்கறேன்னேன்."

"அப்பால?"

"ஒரு சார் சிரிச்சாரு. பக்கத்துல குந்தினு கீற மேடம் சிரிக்கல. எட்டையும் சொல்லுன்னாங்க. சொன்னேன்."

சாயங்காலம் மாடியிலிருந்து ஒருவர் வந்து வேலைக்கு எடுத்தவர்களின் பெயரை வாசித்தார். பார்வதி பெயர் இருந்தது. முனுசாமி அங்கேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க பஸ்ஸு ஏறுங்கண்ணா, நான் அலிபிரி வழியா மலைக்குப் போய்ட்டு வரேன்" என்றார். மொட்டைத் தலையோடு மறுநாள்தான் சித்தூர் வந்தார்.

அவளுடைய முதல் விடுமுறை

ஹால் திறந்துவிட்டது. யாரும் முடிவு எடுத்துத் திறக்கவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குச் சபையார் கொண்டுவந்த பூசணிக்காய்களை அடுக்க இடம் வேண்டியிருந்தது. கரும்பலகை விஷயம் இன்னும் எங்கள் நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒத்திவைக்கிறோம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் விடுமுறை ஞாயிறு, பார்வதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தில் ஒரு ஆளை வைத்துவிட்டாளாம். வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதும் நுனியில்தான்.

என் வீட்டுக்காரி பழக்கதோஷத்தில் முருங்கைக்கீரைத் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். பார்வதியும் பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள். கிரேஸ் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ குந்து."

பார்வதிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, இப்ப நான் செய்யறது எட்டுல எது?" என்றாள்.

"பேரு கெடக்குது, வுடு" என்றாள் கிரேஸ்.

பிறகு பார்த்தால் நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டிருந்தாள். என் வீட்டுக்காரி மிக்ஸி போடாமல் சட்னியை அம்மியில் அரைத்தாள். நாங்கள் சாயங்காலம் வரை ரகசியம் பேசுகிற மாதிரியே பேசினோம். அந்த ஏழாம் நாளில் ஆண்டவர் என்ன செய்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்ணைப் பார்த்தபோது, அவர் அதை நல்லது என்று கண்டிருப்பார் என்று பட்டது.

இந்தக் கதை இப்போது பல விதமாகச் சுற்றுகிறது. அந்தப் பெண் ஞானஸ்நானம் எடுத்தாள் என்று சபையில் சிலர் சாட்சி சொல்கிறார்கள். எடுக்கவில்லை. அவள் இன்றைக்கும் கங்கம்மா கோயிலுக்குப் போகிறாள், எங்கள் வீட்டுக்கும் வருகிறாள். கமிட்டிதான் ஹாலைத் திறந்துவிட்டது என்று ஆரோன்ராஜ் சொல்கிறார். பூசணிக்காய்தான் திறந்தது.

ஆகையால் இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். முக்கியமாக, அவள் அன்றைக்குச் சாயங்காலம் வரை தூங்கினாள் என்கிற இடத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.